30 இஞ்ச் டயாவும் ஒரு கமாவும்: கொயரி வெளியீட்டில் பிரிப்பானை மாற்றுவது

திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டின் டெலிவரி சலான் டேபிள். அதிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். நான்கு பத்திகள்தான்: சலான் எண் 1042. துணி விவரம், சிங்கிள் ஜெர்சி, 30" டயா, 24 கேஜ். ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) 180. எடை 612.450 கிலோ. இதைக் கமாண்ட் லைனில் கொயரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, போட்டு, பத்திகளுக்கு நடுவே கமா வைத்து ஃபைலில் இறக்கினால் இப்படி வரும்:

1042,சிங்கிள் ஜெர்சி, 30" டயா, 24 கேஜ்,180,612.450

எண்ணிப் பாருங்கள். நான்கு பத்தி இருக்க வேண்டிய வரியில் ஆறு இருக்கிறது. மூன்றாவதாக வர வேண்டிய ஜிஎஸ்எம் இடத்தில் 30" டயா உட்கார்ந்திருக்கிறது. எடை இடத்தில் 24 கேஜ். ஃபைலை வாங்கிய அக்கவுண்ட்ஸ் பெண் போன் போடுவார்: "ஏனுங்ண்ணா, எடைப் பத்தியில கேஜ் வந்து நிக்குதுங்க. டோட்டலே வர மாட்டேங்குது." சிஸ்டம் பார்க்கிறவர் சொல்லும் பதிலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "கமா வேண்டாம் விடுங்க, பைப் போட்டுத் தர்றேன்."

பைப் என்பது | என்ற நெடுக்குக்கோடு. அந்தப் பதில் பாதிதான் சரி. பத்திகளுக்கு நடுவே எந்தக் குறியை வைப்பது என்பது ஒரு கேள்வி. அதே குறி ஒரு கட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் பிரிப்பானை மாற்றுவது. இரண்டாவதற்குப் பதில் மேற்கோளிடுவது. டேட்டாபேஸோடு வரும் கமாண்ட் லைன் கருவிகளில் சில இரண்டையும் செய்யும். சில முதலாவதை மட்டும் செய்யும். மைஎஸ்க்யூஎல் கிளையண்ட் முதலாவதைக்கூடச் செய்யாது. எந்தக் கருவி எந்த ரகம் என்று தெரியாமல் குறியை மட்டும் மாற்றிக்கொண்டே போனால், கமாவில் வந்த சிக்கல் ஆறு மாதம் கழித்துப் பைப்பில் வரும்.

கமாவால் பத்தி பிரித்த ஃபைலுக்கு சிஎஸ்வி என்று பெயர். அதில் மேற்கோளிடும் முறைக்கு 2005 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற இணையக் குறிப்பு இருக்கிறது. கட்டத்துக்குள் கமாவோ, இரட்டை மேற்கோள்குறியோ, வரி முறிவோ இருந்தால் கட்டம் முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும். உள்ளே இருக்கும் மேற்கோள்குறியை இரண்டாக்க வேண்டும். அப்படி எழுதினால் நம் சலான் வரி இது:

1042,"சிங்கிள் ஜெர்சி, 30"" டயா, 24 கேஜ்",180,612.450

அந்த 30-க்குப் பக்கத்தில் இருக்கும் இஞ்ச் குறியைக் கவனியுங்கள். கொங்கு நாட்டு டேட்டாவில் உண்மையான வில்லங்கம் கமா இல்லை, இந்த இஞ்ச் குறிதான். திருப்பூரில் நிட்டிங் மெஷின் டயா, கோயம்புத்தூர் பம்ப்செட் கம்பெனிகளில் 2" x 1½" என்று எழுதும் டெலிவரி சைஸ், கரூர் பெட்ஷீட் அளவு, எல்லாம் இஞ்சில்தான். கையால் சுற்றி ஒரு மேற்கோள் மட்டும் போட்டுவிட்டு, உள்ளே இருப்பதை இரட்டிக்காமல் விட்டால், படிக்கும் புரோகிராம் 30-க்கு அடுத்த குறியோடு கட்டம் முடிந்துவிட்டதென்று நினைக்கும். அதற்குப் பிறகு எந்த மேற்கோள் திறப்பது, எது மூடுவது என்பதே தலைகீழாகி, சில சமயம் அடுத்த இருபது வரிகளையும் ஒரே கட்டமாக விழுங்கிவிடும். எர்ரர் வராது. வரி எண்ணிக்கை மட்டும் குறையும்.

இனி ஒவ்வொரு கருவியாகப் பார்ப்போம். கமாண்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். சுவிட்ச் (கமாண்டோடு சேர்க்கும் -ஏ போன்ற குறிப்பு) எழுத்து பெரியதா சிறியதா என்பதைச் சொல்லும் இடங்களில் கொஞ்சம் நின்று படியுங்கள். தவறுகளில் பாதி அங்கேதான் நடக்கிறது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு வரும் பி-எஸ்க்யூஎல் (psql) இந்த விஷயத்தில் நல்ல கருவி. ஆனால் ஆரம்பத்தில் எல்லோரும் ஓரிடத்தில் தடுக்கி விழுவார்கள். உள்ளே போய் \பிசெட் ஃபீல்ட்செப் ',' என்று அடித்தால், பிரிப்பான் கமா ஆகிவிட்டது என்று அதுவே பதில் சொல்லும். அடுத்த கொயரி ஓட்டினால் பழைய கட்டம் போட்ட டேபிள்தான் வரும். காரணம், அந்தப் பிரிப்பான் அலைன்டு அல்லாத ஃபார்மட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் அலைன்டு டேபிளில் இருக்கும் நெடுக்குக்கோடு, பிரிப்பானே இல்லை. அது பார்டர். அதனால் முதலில் \பிசெட் ஃபார்மட் அன்அலைன்டு. பிறகு பிரிப்பான். சுருக்கமாக \ஏ அடித்தாலும் மாறும். ஆனால் அது மாற்றி மாற்றிப் போடும் சுவிட்ச், இரண்டு தடவை அடித்தால் பழைய நிலைக்கே வந்துவிடும். ஸ்கிரிப்டில் அதை எழுதாதீர்கள்.

வெளியிலிருந்து ஒரே வரியில் ஓட்டுவதென்றால் -ஏ பெரிய எழுத்தில், -எஃப் பெரிய எழுத்தில், அதற்குப் பக்கத்தில் குறி. சிறிய எழுத்து -ஏ போட்டால் ஸ்கிரிப்ட் வரிகளையெல்லாம் திருப்பி அச்சடிக்கும். சிறிய -எஃப் போட்டால் அடுத்து வருவதை ஃபைல் பெயர் என்று எடுத்துக்கொண்டு, கமா என்ற ஃபைலைத் தேடிப் போகும். குறியை எப்போதும் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். மேற்கோள் இல்லாமல் பைப் போட்டால், ஷெல், அதாவது நாம் அடிக்கும் கமாண்டைப் படித்து ஓட்டும் புரோகிராம், அதை வெளியீட்டை அடுத்த கமாண்டுக்கு அனுப்பும் தன்னுடைய பைப் என்று எடுத்துக்கொள்ளும். செமிகோலன் போட்டால் அங்கேயே கமாண்ட் முடிந்துவிட்டது என்று நினைக்கும். இரண்டிலும் பி-எஸ்க்யூஎல், சுவிட்சுக்கு மதிப்பு வரவில்லை என்று முறையிடும். கோளாறு டேட்டாபேஸில் இல்லை, ஷெல்லில்.

டேப் வேண்டுமென்றால் இன்னும் ஒரு சங்கதி. ஒற்றை மேற்கோளுக்குள் பின்சாய்கோடும் சிறிய டி (t) எழுத்தும் போட்டால், அந்த இரண்டு எழுத்தும் அப்படியே பிரிப்பானாக வந்து நிற்கும். பாஷ் ஷெல்லில் மேற்கோளுக்கு முன்னால் ஒரு டாலர் குறி சேர்த்து $'...' என்று எழுத வேண்டும். அப்போதுதான் ஷெல் அதை உண்மையான டேப்பாக மாற்றிக் கொடுக்கும். உள்ளே நின்று \பிசெட் மூலம் வைக்கும்போது டாலர் தேவையில்லை. அங்கே பி-எஸ்க்யூஎல்லே புரிந்துகொள்ளும். பவர்ஷெல்லில் பின்சாய்கோட்டுக்குப் பதில் தலைகீழ் ஒற்றைக்குறி, அதாவது பேக்டிக், அதுவும் இரட்டை மேற்கோளுக்குள்.

கடைசி வரியில் "3 ரோஸ்" என்பது போல ஒரு எண்ணிக்கை வரும். அதை எடுக்க எல்லோரும் சிறிய -டி (t) போடுவார்கள். அது தலைப்பையும் சேர்த்து எடுத்துவிடும். தலைப்பு வேண்டும், எண்ணிக்கை மட்டும் வேண்டாம் என்றால் -பி ஃபுட்டர்=ஆஃப். இங்கே பி பெரிய எழுத்து, சிறியது போர்ட் எண்ணுக்கு. ஒருவருடைய வீட்டு ஃபோல்டரில் இருக்கும் பி-எஸ்க்யூஎல்-ஆர்சி ஃபைலில் என்ன அமைப்பு இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. ஸ்கிரிப்ட் என்றால் பெரிய -எக்ஸ் சேர்த்து அதைப் படிக்காமல் இருக்கச் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் பிரிப்பானை மாற்றுவதுதான். அன்அலைன்டு ஃபார்மட் மேற்கோளிடவே இடாது. நம் 1042-ஆம் சலான் அதில் ஆறு பத்தியாகத்தான் உடையும். மேற்கோள் வேண்டுமென்றால் 2019-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12-லிருந்து --சிஎஸ்வி என்ற சுவிட்ச் இருக்கிறது. தேவைப்படும் கட்டத்துக்கு மட்டும் மேற்கோள் போடும், உள்ளே இருப்பதை இரட்டிக்கும். இதிலும் பிரிப்பானை மாற்றலாம், ஆனால் ஃபீல்ட்செப் வழியாக இல்லை. அதற்குத் தனியாக சிஎஸ்வி-ஃபீல்ட்செப் என்ற அமைப்பு, நடுவில் அண்டர்ஸ்கோர். ஒரே ஒரு பைட் எழுத்துதான் அதில் வைக்க முடியும். மேற்கோள்குறி, வரி முறிவு ஆகியவை கூடாது. பழைய வெர்ஷன் ஓடும் இடங்களில் \காபி கமாண்டில் ஃபார்மட் சிஎஸ்வி, ஹெடர், டிலிமிட்டர் ';' என்று கொடுத்தால் அதே வேலை நடக்கும். \காபிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. நல் (NULL) மதிப்பை, அதாவது எதுவுமே நிரப்பப்படாத கட்டத்தை, வெறுமையாகவும், எழுத்தே இல்லாத வெற்றுச் சரத்தை இரண்டு மேற்கோளாகவும் எழுதி வேறுபடுத்திக் காட்டும். --சிஎஸ்வி சுவிட்சில் இரண்டும் ஒரே மாதிரி வெறுமையாகத்தான் வரும். வேறுபாடு முக்கியமென்றால் \பிசெட் நல் என்று ஒரு சொல்லை வைத்துக்கொள்ள வேண்டும்.

மைஎஸ்க்யூஎல் பக்கம் வருவோம். அதன் கிளையண்டில் பிரிப்பானை மாற்றும் சுவிட்சே கிடையாது. தேடித் தேடி நேரத்தைக் கொட்டாதீர்கள். அது செய்வது இரண்டே. திரையில் இருந்தால் பிளஸ், மைனஸ், நெடுக்குக்கோடு போட்ட டேபிள். ஃபைலுக்கோ வேறொரு கமாண்டுக்கோ திருப்பிவிட்டால், திரை இல்லை என்று தானே கண்டுகொண்டு டேப்புக்கு மாறிவிடும். "திரையில நல்லா கட்டம் கட்டமா வந்துச்சு, கிரானில் போட்டா கட்டத்தையே காணோம்" என்று குழம்புவது இதனால்தான் (கிரான் என்பது குறித்த நேரத்தில் கமாண்டைத் தானாக ஓட்டுவது). எப்போதும் டேப் வேண்டுமென்றால் பெரிய -பி (B). தலைப்பு வேண்டாமென்றால் பெரிய -என்.

அந்த டேப் வெளியீடு நினைப்பதைவிட நல்லது. கட்டத்துக்குள் டேப்போ வரி முறிவோ பின்சாய்கோடோ இருந்தால், அதைப் பின்சாய்கோடு சேர்த்து இரண்டெழுத்தாக மாற்றித்தான் எழுதும். அதனால் ஒரு வரிக்குள் எத்தனை டேப் இருக்கிறதோ அத்தனையும் உண்மையான பிரிப்பான்கள். தகவல் எதுவும் தொலையாது. இந்த நல்ல குணத்தை நாமே கெடுத்துக்கொள்வது இரண்டு விதம். ஒன்று, சிறிய -ஆர் போட்டு அந்த மாற்றத்தை நிறுத்துவது. இன்னொன்று, ஃபைலில் எழுத்துகளை மாற்றித் தரும் செட் (sed) கமாண்டில் டேப்பையெல்லாம் கமாவாக மாற்றுவது. அந்த இரண்டாவது வழியை வலையெங்கும் பரிந்துரைக்கிறார்கள். அது தவறு. டேப்பாக இருந்தவரை பத்திரமாக இருந்த துணி விவரம், கமாவான நொடியில் உடைந்துவிடும். டேப் ஃபைலைப் பைத்தானின் சிஎஸ்வி மாட்யூலில் கொடுத்து எழுதி வாங்குங்கள். பத்து வரி ஸ்கிரிப்ட்தான். மேற்கோளை அது பார்த்துக்கொள்ளும். பின்சாய்கோடு மாற்றங்களைத் திருப்பும் வேலையை மட்டும் நீங்கள் எழுத வேண்டும். நல் மதிப்பு இந்த வெளியீட்டில் நல் என்ற ஆங்கிலச் சொல்லாகவே, நான்கு பெரிய எழுத்தில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

செலக்ட் கொயரியோடு இன்டு அவுட்ஃபைல் சேர்த்து, ஃபீல்ட்ஸ் டெர்மினேட்டட் பை, என்க்ளோஸ்டு பை என்று எல்லாவற்றையும் விரும்பியபடி வைப்பது இன்னொரு வழி. ஆனால் அந்த ஃபைல் சர்வர் ஓடும் மெஷினில் விழும், உங்கள் லேப்டாப்பில் இல்லை. ஃபைல் உரிமை வேண்டும். செக்யூர் ஃபைல் ப்ரிவ் என்ற அமைப்பு சொல்லும் ஃபோல்டரில்தான் எழுதவிடும், இல்லையென்றால் எர்ரர் 1290. அதே பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால் மேலெழுதாது, மறுத்துவிடும். தினசரி ரிப்போர்ட்டை இதில் வைத்தவர்கள் முதல் நாள் சிரித்து இரண்டாம் நாள் திகைப்பது அதனால்தான். இதற்கு ஃபைல் பெயரில் தேதியைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

கன்கேட்-டபிள்யூஎஸ் ஃபங்ஷன் வைத்துக் கொயரிக்குள்ளேயே பிரிப்பானை நுழைக்கிற பழக்கம் பலரிடம் உண்டு. முதல் மதிப்பாகப் பிரிப்பானைக் கொடுத்தால் மற்ற எல்லாவற்றையும் அது கோத்துக் கொடுக்கும். பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் நல் மதிப்பு வந்தால் அதைத் தாண்டிப் போய்விடும், பிரிப்பானையும் விட்டுவிடும். ஜிஎஸ்எம் நிரப்பப்படாத சலானில் எடை ஒரு இடம் இடப்பக்கம் நகர்ந்து ஜிஎஸ்எம் கட்டத்தில் போய் உட்காரும். 612 ஜிஎஸ்எம் துணி என்று ரிப்போர்ட் சொல்லும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் எல்லாவற்றிலும் அந்த ஃபங்ஷனின் குணம் இதுதான். வேறு வழியில்லாமல் பயன்படுத்துவதென்றால் ஒவ்வொரு பத்தியையும் எழுத்து வகையாக்கி, நல்லை வெற்றுச் சரமாக்கும் கோயலெஸ் போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

எஸ்க்யூலைட்டில் லிஸ்ட் மோடின் பிரிப்பான் இயல்பாகவே பைப். .மோட் முதலில், .செபரேட்டர் பிறகு. இந்த வரிசை மாறினால், மோடை மாற்றும்போது அது தன் இயல்பான பிரிப்பானைத் திரும்ப வைத்துக்கொண்டு, நீங்கள் வைத்ததை அழித்துவிடும். மேற்கோள் வேண்டுமென்றால் .மோட் சிஎஸ்வி. அதன்பின் .செபரேட்டர் ";" கொடுத்தால் செமிகோலன் பிரித்த, ஒழுங்காக மேற்கோளிட்ட ஃபைல் கிடைக்கும். அந்த மோடில் வரி முடிவு விண்டோஸ் முறையில், அதாவது கேரேஜ் ரிட்டர்னும் லைன் ஃபீடும் சேர்ந்து வரும். லினக்ஸ் ஸ்கிரிப்டில் அதைப் படித்தால் கடைசிப் பத்தியான எடையோடு ஒரு கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டிக்கொண்டு, எண்ணாக மாற மறுக்கும். .செபரேட்டர் கமாண்டுக்கு இரண்டாவது மதிப்பும் உண்டு. வரிப் பிரிப்பானை அதில் வெறும் லைன் ஃபீடாக வைத்துவிட்டால் தீர்ந்தது. தலைப்புக்கு .ஹெடர்ஸ் ஆன்.

ஆரக்கிளின் எஸ்க்யூஎல் பிளஸ்தான் இந்தப் பக்கத்தில் ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது. செட் கோல்செப் '|' என்று பிரிப்பானை மாற்றுவது ஒரு வரி வேலை. அதற்குப் பிறகு வருவதுதான் பெரிது. இந்தக் கருவி அச்சுத்தாளுக்காக உருவானது, அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. லைன்சைஸ் இயல்பாக 80. உங்கள் வரி அதைவிட நீளமென்றால் ஒரு சலான் இரண்டு மூன்று வரியாக மடியும். பேஜ்சைஸ் இயல்பாக 14. அதனால் பத்துப் பன்னிரண்டு வரிக்கு ஒரு தடவை தலைப்பு திரும்பத் திரும்ப வரும். ஆகவே செட் லைன்சைஸ் 32767, செட் பேஜ்சைஸ் 0, செட் ஃபீட்பேக் ஆஃப், செட் டிரிம்ஸ்பூல் ஆன், பிறகு வெளியீட்டை ஃபைலில் எழுதும் ஸ்பூல். பேஜ்சைஸ் 0 வைத்தால் தலைப்பே வராது. தலைப்பு வேண்டுமென்றால் அதைத் தனி செலக்ட்டாக, ஆரக்கிளில் இருக்கும் டூயல் என்ற ஒரே வரி டேபிளிலிருந்து முதலில் ஓட்டிவிடுங்கள்.

இத்தனை செய்தும் கட்டங்களுக்குள் நீள நீளமாக இடைவெளி நிற்கும். ஏனென்றால் ஒவ்வொரு பத்தியையும் அதன் முழு அகலத்துக்கு நிரப்பித்தான் அது எழுதும். டிரிம்ஸ்பூல் வெட்டுவது வரியின் கடைசியில் இருக்கும் இடைவெளியை மட்டும். 200 எழுத்து அகலமுள்ள முகவரிப் பத்தியில் பல்லடம் என்று எழுதியிருந்தாலும் 200 எழுத்து இடம் போகும்.

எண்களில் இன்னும் மோசம். நம்விட்த் இயல்பாக 10. இ-வே பில் எண்ணுக்கு 12 இலக்கம். அதை நம்பர் வகைப் பத்தியில் வைத்திருந்தால் 3.9123-க்குப் பக்கத்தில் அடுக்கு போட்ட அறிவியல் வடிவில் வெளியே வரும். கடைசி ஏழு இலக்கங்கள் ஃபைலிலேயே இருக்காது, பிற்பாடு யாராலும் மீட்க முடியாது. செட் நம்விட்த் 20 என்பதை மறக்காமல் மேலே சேருங்கள். பில் எண், வங்கிக் கணக்கு எண் போன்ற கூட்டிக் கழிக்காத எண்களை டேபிளிலேயே எழுத்து வகையாக வைப்பது இன்னும் நல்லது.

12.2 வெர்ஷனிலிருந்து செட் மார்க்அப் சிஎஸ்வி ஆன் வந்துவிட்டது. இடைவெளி நிரப்பல் போய்விடும், எழுத்துப் பத்திகளுக்கு மேற்கோள் தானாக வரும், டிலிமிட்டர் என்று சேர்த்துப் பிரிப்பானையும் மாற்றலாம். புதிதாக எழுதுவதென்றால் கோல்செப் பக்கமே போக வேண்டாம்.

எஸ்க்யூஎல் சர்வரின் எஸ்க்யூஎல்-சிஎம்டியில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு உயிர் போன்றது. சிறிய -எஸ் பிரிப்பான். பெரிய -எஸ் சர்வர் பெயர். மாற்றிப் போட்டால் கமா என்ற பெயருள்ள சர்வரைத் தேடிக்கொண்டு நிற்கும். நீங்கள் நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து ஃபயர்வாலை நோண்டிக்கொண்டிருப்பீர்கள். பெரிய -டபிள்யூ இடைவெளிகளை வெட்டும், சிறியது வரி அகலம். -ஹெச் -1 கொடுத்தால் தலைப்பும், அதன் கீழே வரும் கோடு கோடான வரியும் போய்விடும். அந்தக் கோடுகளை மட்டும் எடுத்துத் தலைப்பை வைத்துக்கொள்ளச் சுவிட்ச் இல்லை. தலைப்பைத் தனியாக எழுதி ஒட்ட வேண்டியதுதான். கொயரிக்கு முன் செட் நோகவுண்ட் ஆன் போட்டால் அடியில் வரும் எண்ணிக்கை வரியும் போகும். தமிழ் எழுத்து இருந்தால் சிறிய -எஃப் 65001, அது யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையின் எண்.

இதில் பிரிப்பான் ஒரே எழுத்து, மேற்கோளிடுவது கிடையாது. அதனால் சிலர் கொயரியில் கோட்நேம் ஃபங்ஷனை வைத்து மேற்கோள் போடுவார்கள். அது உள்ளே இருக்கும் குறியை ஒழுங்காக இரட்டிக்கத்தான் செய்யும். ஆனால் 128 எழுத்துக்கு மேல் போனால் நல்லைத் திருப்பிக் கொடுத்துவிடும். சங்ககிரி லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றின் டெலிவரி முகவரியை நினைத்துப் பாருங்கள். கம்பெனி பெயர், ஷெட் எண், பிரிவு ரோடு, பக்கத்து மண்டபம், பெட்ரோல் பங்குக்கு எதிர்ச்சந்து என்று 128-ஐத் தாண்டுவது ஒன்றும் அதிசயமில்லை. நீளமான முகவரிகள் மட்டும் காணாமல் போகும், குட்டையானவை ஒழுங்காக வரும். சோதித்துப் பார்க்கிறவர் முதல் ஐந்து வரியைப் பார்த்துவிட்டு சரியென்று விட்டுவிடுவார். ரிப்ளேஸ் ஃபங்ஷனில் குறியை நீங்களே இரட்டித்து, இருபுறமும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத நீளம், ஆனால் எதையும் விழுங்காது.

சரி, எந்தக் குறிதான் நல்லது? ஊகிக்க வேண்டியதே இல்லை, டேட்டாவையே கேட்கலாம். விவரப் பத்தியில் பைப் உள்ள வரிகள் எத்தனை என்று லைக் '%|%' போட்டு ஒரு கவுண்ட் எடுங்கள். டேப்புக்கு எழுத்து எண் 9, லைன் ஃபீடுக்கு 10, கேரேஜ் ரிட்டர்னுக்கு 13. போஸ்ட்கிரெஸிலும் ஆரக்கிளிலும் சிஹெச்ஆர், மற்ற மூன்றிலும் கேர் ஃபங்ஷனில் இந்த எண்ணைக் கொடுத்துத் தேடலாம். டேப் இருக்காது என்று நம்பிவிடாதீர்கள். எக்செலிலிருந்து காப்பி செய்து ஒட்டிய பார்ட்டி பெயர்களின் வாலில் டேப் தொங்கிக்கொண்டிருக்கும். முகவரிப் பெட்டியில் என்டர் தட்டிய இடமெல்லாம் வரி முறிவு. அதற்கு எந்தப் பிரிப்பானும் மருந்தாகாது. மேற்கோளிட வேண்டும், அல்லது கொயரியிலேயே இடைவெளியாக மாற்ற வேண்டும். எண்ணிக்கை பூஜ்யம் வந்த குறி இன்றைக்கு நல்லது. நாளைக்கு யார் எதை டைப் செய்வார் என்று தெரியாதாகையால், தினமும் ஓடும் ஸ்கிரிப்டில் அந்தக் கவுண்ட்டையும் சேர்த்து ஓட்டி, பூஜ்யம் இல்லையென்றால் நிற்கச் செய்யுங்கள்.

மெஷினிலிருந்து மெஷினுக்குத்தான் போகிறது, மனிதர் யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை என்றால், ஆஸ்கி அட்டவணையில் இதற்கென்றே வைத்த எழுத்துகள் இருக்கின்றன. 31-ஆவது எழுத்து பத்தியைப் பிரிக்க, 30-ஆவது வரியைப் பிரிக்க. விசைப்பலகையில் யாரும் தெரியாமல் அடித்துவிட முடியாத எழுத்துகள். எஸ்க்யூலைட்டில் .மோட் ஆஸ்கி என்றால் இந்த இரண்டையும் தானே எடுத்துக்கொள்ளும். இவ்வளவு நல்ல ஏற்பாடு கையில் இருந்தும் யாரும் பயன்படுத்துவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கொயரிக்குள் தொகையை அழகுபடுத்தாதீர்கள். 1,25,000.00 என்று இந்திய முறையில் கமா போட்டு எடுத்தால், நீங்களே பிரிப்பானை டேட்டாவுக்குள் நடுகிறீர்கள். 125000.00 என்று வெறுமையாக வரட்டும். கமாவை எக்செல் போட்டுக்கொள்ளும்.

எக்செல் என்றதும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரிப்பான் ஒழுங்காக இருந்தும் ஃபைலை டபுள் கிளிக் செய்து திறக்கும்போது கெடுவது ஏராளம். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலி மஞ்சளுக்கு எழுதும் ஹெச்எஸ்என் 0910, முன்னால் இருக்கும் பூஜ்யத்தை இழந்து 910 ஆகிவிடும். திருப்பூர் குழந்தை உடுப்புகளின் 2-4, 4-6 என்ற வயது சைஸ்கள் தேதிகளாக மாறி நிற்கும். 15 இலக்கத்துக்கு மேல் போன எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். மேற்கோள் போட்டிருந்தாலும் இது நடக்கும். மேற்கோள் கட்டத்தின் எல்லையைத்தான் சொல்கிறது, எழுத்தா எண்ணா என்பதைச் சொல்வதில்லை. டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாகத் திறந்து, ஃபைல் ஒரிஜின் 65001, பிரிப்பான் இன்னது என்று தேர்ந்து, அந்தப் பத்திகளை டெக்ஸ்ட் என்று குறித்து ஏற்றுவதுதான் வழி.

டபுள் கிளிக்தான் செய்வார்கள் என்று தெரிந்தால் தமிழுக்காக ஒரு வேலை செய்யலாம். யுடிஎஃப்-8 ஃபைலின் தலையில் பிஓஎம் எனப்படும் மூன்று பைட்டுகளை, 239, 187, 191 என்ற மதிப்புகளில், சேர்த்துவிட்டால் எக்செல் தமிழைச் சரியாகக் காட்டும். அதே மூன்று பைட், லினக்ஸ் ஸ்கிரிப்டில் முதல் பத்தியின் தலைப்போடு ஒட்டிக்கொண்டு, சலான் எண் என்ற பத்தியே இல்லை என்று சொல்ல வைக்கும். மனிதருக்குப் போகும் ஃபைலில் சேருங்கள், மெஷினுக்குப் போவதில் வேண்டாம்.

தமிழ் டேட்டாவை அகலம் வைத்து வெட்டவும் கூடாது. கோயம்புத்தூர் என்ற சொல்லை நாம் ஏழு எழுத்தாக எண்ணுகிறோம். யுனிகோடில் அது 13 குறிகள், யுடிஎஃப்-8 ஃபைலில் 39 பைட். அலைன்டு டேபிளில் தமிழ் வந்ததும் கோடுகள் வளைந்து போவது இதனால்தான். இடைவெளி நிரப்பிய வெளியீட்டை எடுத்து 21-ஆவது இடத்தில் வெட்டு என்று ஸ்கிரிப்ட் எழுதினால், எங்கேயாவது ஒரு மெய்யெழுத்தின் புள்ளி தனியாக அடுத்த பத்திக்குப் போய்விடும்.

ஃபைலை அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு நிமிடம்கூட ஆகாது. வரிகளைப் பத்தி பத்தியாகப் பிரித்துப் படிக்கும் ஆக் (awk) கமாண்டில் பிரிப்பானைக் கொடுத்து, வரிக்கு வரி பத்தி எண்ணிக்கையை மட்டும் அச்சிட்டு, அதை வரிசைப்படுத்தும் சார்ட்டுக்கும் பிறகு ஒரே மாதிரியானவற்றை எண்ணும் யூனிக் -சிக்கும் அனுப்புங்கள். 8,412 வரி, எல்லாவற்றிலும் 4 என்று ஒரே ஒரு விடை வந்தால் நல்லது. 8,397 வரியில் 4, 15 வரியில் 6 என்று இரண்டு விடை வந்தால் அந்த 15-ஐ அச்சிட்டுப் பாருங்கள், ஏதாவது ஒரு டயா அங்கே நிற்கும். பிரிப்பானைப் பாஷில் மேற்கோளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது இங்கேயும் பொருந்தும். மேற்கோளிட்ட சிஎஸ்விக்குச் சாதாரண ஆக் பொய் எண்ணிக்கை சொல்லும். 2023-இல் வந்த க்னூ ஆக் 5.3-இல் --சிஎஸ்வி சேர்த்தோ பைத்தானிலோ எண்ணுங்கள். பிறகு எடைப் பத்தியின் கூட்டுத்தொகையை ஃபைலிலிருந்து ஒரு தடவை, டேபிளிலிருந்து சம் போட்டு ஒரு தடவை எடுத்து ஒப்பிடுங்கள். பத்தி எண்ணிக்கை சரியாக இருந்தும் மேற்கோள் விழுங்கிய வரிகள் இந்தக் கூட்டலில்தான் பிடிபடும். அந்த இரண்டு தொகையையும் ஃபைலோடு போகும் மெயிலில் எழுதி, கூடவே பிரிப்பான் பைப், மேற்கோள் இல்லை, யுடிஎஃப்-8 பிஓஎம் இல்லாமல், தலைப்பு ஒரு வரி, நல் என்றால் வெறுமை என்று ஐந்து சொல் சேர்த்து அனுப்பினால், அக்கவுண்ட்ஸில் இருப்பவர் ஃபைலைத் திறந்து எடைப் பத்தியைக் கூட்டி, அதே 612.450-உம் அதே மொத்தமும் தன் திரையில் வருகிறதா என்று தானே பார்த்துக்கொள்வார்.